குழாய் எத்தனை என்று முதலில் சொல்லுங்கள்: ஓவியப் பட்டறை கேட்கும் பள்ளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தலைமையாசிரியர்களுக்கும், பட்டறை ஏற்பாட்டைத் தலையில் தூக்கிச் சுமக்கும் ஆசிரியர்களுக்கும்,

வணக்கம்.

"நூறு பிள்ளைகள் இருக்கிறார்கள், ஒன்றரை மணி நேரம் ஒதுக்கியிருக்கிறோம், வந்து பெயின்டிங் சொல்லித்தர முடியுமா?" எங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதிக்குமேல் இப்படித்தான் தொடங்குகின்றன. முடியும். ஆனால் அதற்கு முன்பு, மண்டபத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய் எத்தனை இருக்கிறது என்று சொல்லுங்கள். இது கிண்டல் இல்லை, கணக்கு. ஒரு பிள்ளை கையையும் பிரஷையும் கழுவ அரை நிமிடம் என்று வையுங்கள். ஒரே குழாயில் நூறு பேர் கழுவி முடிக்க 50 நிமிடம். இரண்டு குழாய் இருந்தால் 25. கழுவ நேரமில்லாமல் பிள்ளைகள் வண்ணக் கையோடு வகுப்புக்குப் போகிறார்கள், சீருடையில் கறை, சுவரில் கைத்தடம், மறுநாள் புகார், அடுத்த ஆண்டு பட்டறையே கிடையாது. பட்டறை கெடுவது பெரும்பாலும் சொல்லித்தந்தவர் சரியில்லாததால் இல்லை. தண்ணீரால், தரையால், காயவைக்கக் கயிறு இல்லாததால்.

எனவே எண்ணிக்கையைப் பற்றி முதலில் பேசிவிடுவோம். ஒருவர் பிரஷைப் பிடித்துச் செய்து காட்டும்போது அதை உருப்படியாகப் பார்க்க முடிவது 25 பிள்ளைகளுக்குத்தான். 26ஆவது பிள்ளைக்கு எங்கள் முதுகுதான் தெரியும். நூறு பேர் என்றால் நான்கு குழு, நான்கு பேர் செய்து காட்ட வேண்டும். இருநூறு என்றால் ஒரே நேரத்தில் வேண்டவே வேண்டாம், இரண்டு அமர்வாகப் பிரித்துவிடுங்கள். இது போக, எட்டு வயதுக்குக் கீழே என்றால் பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு துணையாள், அதற்கு மேல் என்றால் பதினைந்து பேருக்கு ஒருவர். துணைக்கு வருபவருக்கு ஓவியம் தெரிய வேண்டியதே இல்லை. வாளி தூக்கத் தெரிந்தால் போதும். பெரிய வகுப்பு மாணவர்கள் இதற்கு ஆசிரியர்களைவிடத் தோதானவர்கள், ஏனென்றால் சின்னவர்களின் படத்தைத் திருத்தும் ஆசை அவர்களுக்கு அவ்வளவாக வராது.

இடம். தரையில் உட்கார்ந்து வரைய ஆளுக்கு ஒரு சதுர மீட்டர் வேண்டும். தாள், வண்ணத் தட்டு, தண்ணீர்க் குவளை, மடக்கிய கால் எல்லாம் அதற்குள் அடங்கும். இரண்டு வரிசைக்கு ஒரு நடைவழி, குறைந்தது 60 சென்டிமீட்டர் விடுங்கள். அகலம் அதற்குக் கீழே போனால், வாளியோடு நடப்பவர் யாருடைய படத்தையாவது மிதிப்பார். இடக்கைப் பிள்ளைகளை வரிசையின் இடது ஓரத்தில் உட்கார வையுங்கள். நடுவில் உட்கார்ந்தால் பக்கத்துப் பிள்ளையின் வலக்கையோடு முழங்கை இடித்துக்கொண்டே இருக்கும். நேர் வெயில் விழும் இடம் வேண்டாம், தட்டில் வைத்த வண்ணம் சில நிமிடங்களில் தோல் கட்டிவிடும். மின்விசிறியைக் குறைந்த வேகத்தில் வைத்து, தாளின் நான்கு மூலையையும் மாஸ்கிங் டேப்பால் ஒட்டிவிடுங்கள். செல்லோடேப் வேண்டாம், உரிக்கும்போது தாளின் மேல்தோலும் கூடவே வரும்.

தாளில் சிக்கனம் பார்க்கிற இடத்தில்தான் பாதிப் பட்டறை தோற்கிறது. ஜெராக்ஸ் தாள் 75 அல்லது 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாள் எத்தனை கிராம் எடை என்பது). ஈரம் பட்டதும் அலை அலையாக எழும்பும், பள்ளத்தில் வண்ணம் குளம் கட்டும், அதே இடத்தை இரண்டாம் முறை தேய்த்தால் திரித்திரியாக உரியும். பிள்ளை தன் கை சரியில்லை என்று நினைத்துக்கொள்ளும், உண்மையில் சரியில்லாதது தாள். வழுவழுப்பான சார்ட் பேப்பரில் வேறு தொல்லை: வண்ணம் உள்ளே இறங்காமல் மேலேயே வழுக்கி நிற்கும், காயவும் நேரமெடுக்கும். போஸ்டர் கலருக்கு 150 ஜிஎஸ்எம் கார்ட்ரிட்ஜ் தாள், அதாவது தடித்த ஓவியத் தாள், போதும். தண்ணீர் அதிகமாகக் கலந்து தீட்டுவதென்றால் 200க்கு மேல், முடிந்தால் 300. அளவு ஏ3. சின்னப் பிள்ளைகள் விரலால் வரைவதில்லை, தோளையும் முழங்கையையும் அசைத்து வரைகிறார்கள், அதனால் ஏ4 அவர்களுக்குச் சிறை. சின்னப் பிள்ளைக்குச் சின்னத் தாள் என்று பலரும் எண்ணுகிறார்கள். சரியாக அதற்கு நேர்மாறு.

வண்ணம் என்றால் நூறு பேர் கூட்டத்துக்குப் போஸ்டர் கலர்தான். அக்ரிலிக் காய்ந்தால் பிளாஸ்டிக் படலமாகிவிடும், துணியிலிருந்து போகாது, கழுவ மறந்த பிரஷும் அவ்வளவுதான். மீந்துபோன சுவர் பெயின்ட், எனாமல், டர்பன்டைன் கலக்க வேண்டிய ஆயில் கலர் எதுவும் பிள்ளைகள் பக்கமே வரக்கூடாது. புட்டியின் லேபிளையும் படியுங்கள். 'ஏஎஸ்டிஎம் டி-4236' என்று இருந்தால் நச்சில்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். நாள்பட்ட கேடு எதுவும் உண்டா என்று ஆராய்ந்து, இருந்தால் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்கிற லேபிள் விதி மட்டுமே அது. எச்சரிக்கை அச்சான பொருளிலும் அதே எண் இருக்கும். நச்சற்றது என்று தனியாக எழுதியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 'இஎன் 71-3' என்பது விளையாட்டுப் பொருள்களிலிருந்து ஈயம், காட்மியம் போன்றவை எவ்வளவு கசியலாம் என்று வரம்பு கட்டும் தரம், அது இருந்தால் நல்லது. தூள் வண்ணம் வாங்கினால் பிள்ளைகள் வருமுன்பே கரைத்து முடித்துவிடுங்கள், தூசி மூச்சில் போகக்கூடாது.

அளவைச் சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள். ஒரு ஏ3 தாளை நிறைக்கப் பிள்ளை ஒன்றுக்கு 25 முதல் 30 மில்லி போகும். நூறு பேருக்கு வெள்ளை 900 மில்லி, மஞ்சள் 700, சிவப்பு இரண்டு வகையும் சேர்த்து 500, நீலம் 500, கறுப்பு 150. வெள்ளைதான் முதலில் தீரும், கறுப்பு எப்போதும் மீந்துபோகும். பச்சை, ஊதா, ஆரஞ்சு, பழுப்பு வாங்கவே வேண்டாம். அவற்றைக் கலந்து எடுப்பதுதான் பாடம், கடையிலேயே வாங்கிவிட்டால் பட்டறையில் மிச்சம் என்ன இருக்கிறது? இரண்டு சிவப்பு எதற்கு என்று கேட்பீர்கள். வெர்மிலியன் மஞ்சள் பக்கம் சாய்ந்த சிவப்பு. அதோடு அல்ட்ராமரின் நீலத்தைக் கலந்தால் மூன்று மூல நிறமும் ஒன்றுசேர்ந்த மாதிரி ஆகி, ஊதாவுக்குப் பதில் செத்த பழுப்பு வரும். நீலப் பக்கம் சாய்ந்த சிவப்பான கிரிம்சனோடு கலந்தால் ஊதா பளிச்சென்று வரும். ஊதா வரவில்லை என்று அழுகிற பிள்ளைக்கு வேறு காரணம் தேட வேண்டாம், புட்டியைப் பாருங்கள். எல்லாப் புட்டியிலும் நிறத்தின் பெயரைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத பிள்ளை ஒவ்வொரு பெரிய கூட்டத்திலும் இருக்க வாய்ப்புண்டு, அது வாய் திறந்து சொல்லாது.

பதம் முக்கியம். பிரஷைத் தூக்கினால் சொட்டக்கூடாது, தாளில் வைத்து இழுத்தால் தடங்காமல் ஓட வேண்டும். தடிப்பாகப் பூசினால் காயும்போது சுருங்கி வெடிக்கும், தாளைச் சுருட்டியதும் செதில் செதிலாக உதிரும். தண்ணீர் அதிகமானால் வண்ணத்தைப் பிடித்து வைத்திருக்கும் பசை நீர்த்துப்போய், காய்ந்த பிறகும் விரலில் பொடியாக ஒட்டும். நீண்ட நாள் நின்ற புட்டியில் அடியில் வண்டலும் மேலே தெளிவும் பிரிந்திருக்கும். அடிவரை குச்சி விட்டுக் கிளறாமல் ஊற்றினால் முதல் வரிசைக்குத் தண்ணீர், கடைசி வரிசைக்குக் களிமண்.

புட்டியைப் பிள்ளைகள் முன் வைக்காதீர்கள். வெள்ளை நிறத் தட்டில் ஒவ்வொரு நிறமும் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மில்லி. தீர்ந்தால் மீண்டும் ஒரு கரண்டி. மஞ்சளும் வெள்ளையும் ஒரு பக்கம், நீலம் எதிர்ப் பக்கம், நடுவில் கலக்கும் இடம். இனி பச்சை கலப்பதைப் பாருங்கள், ஏனென்றால் வண்ணம் பற்றாமல் போவது இங்கேதான். பெருவிரல் நகம் அளவு மஞ்சளை நடுவில் எடுத்து வைக்க வேண்டும். பிரஷின் நுனியால் மட்டும் நீலத்தைத் தொட்டு, மஞ்சளின் ஓரத்திலிருந்து சுழற்றிக் கலந்தால் அந்த நுனி நீலமே மொத்த மஞ்சளையும் இளம்பச்சை ஆக்கிவிடும். இன்னும் ஒரு தொடல், இலைப்பச்சை. பிள்ளை இதைத் திருப்பிப் போட்டு நீலத்தை முதலில் வைத்து மஞ்சளைச் சேர்த்தால், எவ்வளவு போட்டாலும் இருட்டாகவே இருக்கும், பாதித் தட்டு மஞ்சளும் காலி. வெளிர் நிறத்துக்குள் அடர் நிறம், இதற்கு மறுபக்கம் கிடையாது. இந்த ஒரு பழக்கம் படிந்தால் வண்ணச் செலவு கண்கூடாகக் குறையும்.

கறுப்பைக் கடைசிப் பத்து நிமிடம் வரை எங்கள் பையிலேயே வைத்திருப்போம். முன்பே கொடுத்தால் ஈரம் காயாத உருவத்தைச் சுற்றிக் கோடு போடுவார்கள், கோடு வேர்விட்டுப் பரவும், அதை மறைக்க இன்னொரு பூச்சு, கடைசியில் எல்லாம் சாம்பல். கறுப்பு எங்கே என்று யாராவது உங்களிடம் வந்து கேட்டால் தயவுசெய்து எடுத்துக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆளுக்கு இரண்டு பிரஷ்: 10 அல்லது 12ஆம் எண் பட்டை பிரஷ் ஒன்று, 5 அல்லது 6ஆம் எண் உருண்டை பிரஷ் ஒன்று. போஸ்டர் கலருக்குக் கொஞ்சம் முரடான மயிர்தான் நல்லது. வாங்கும் முன் மயிரைப் பிடித்து லேசாக இழுத்துப் பாருங்கள். இரண்டு மூன்றுக்கு மேல் கையோடு வந்தால் அது படத்திலும் வந்து ஒட்டும். பிரஷைவிட எல்லோரும் மறக்கிற பொருள் துடைக்கிற துணி. கழுவிய பிரஷின் மயிர் பார்க்க ஈரம் வடிந்த மாதிரி இருக்கும், ஆனால் மயிரைக் கட்டையோடு பிடித்திருக்கும் தகரப் பூணுக்குள் தண்ணீர் ஒளிந்திருக்கும். பிள்ளை வண்ணத்தைத் தொட்டு, தாளில் வைத்து, அழகாக ஒரு கோடு இழுக்கும். கோடு முடிகிற நேரத்தில் பூணிலிருந்து அந்தச் சொட்டு மெல்ல இறங்கி, கோட்டின் முனையில் குளமாக நிற்கும். படம் 'கசிந்துவிட்டது' என்று வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நடந்தது இதுதான். பூணைத் துணியில் ஒருமுறை அழுத்தித் துடைத்தால் தீர்ந்தது. பழைய பருத்தித் துணியை 15 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி ஆளுக்கொன்று கொடுங்கள். கழுவு, துடை, தொடு: இந்த மூன்று சொல்லையும் பிள்ளைகள் ராகம் போட்டுச் சொல்ல வைப்போம், சத்தம் பக்கத்து வகுப்புவரை கேட்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு அடி அகலமான, கனமான குவளை, நான்கு பேருக்கு இரண்டு. ஒன்று அழுக்குக்கு, ஒன்று அலசலுக்கு. பாதிக்கு மேல் நிரப்ப வேண்டாம், அதாவது 250 மில்லி. நூறு பேருக்கு 50 குவளை, ஒரு நிரப்புக்கு 12.5 லிட்டர். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்றினால் 40 நிமிட வேலைக்கு மூன்று நிரப்பு, ஏறத்தாழ 38 லிட்டர். பிள்ளைகள் எழுந்து போய் மாற்றக்கூடாது. ஒரு கையில் நல்ல தண்ணீர், மறு கையில் காலி வாளி என்று ஒருவர் நடைவழியில் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். குடிக்கும் தண்ணீர்ப் பாட்டில்கள் மண்டபத்துக்கு வெளியே. வரைகிற மும்முரத்தில் பிள்ளை கைக்கு எட்டிய குவளையை எடுத்து வாயில் வைத்துவிடும், அது எது என்று பார்க்காது. நுனி கூராக வேண்டுமென்று பிரஷை நாவில் வைப்பதையும் முதலிலேயே தடுத்துவிட வேண்டும்.

ஒன்றரை மணி நேரம் என்றால் வண்ணம் தீட்டக் கிடைப்பது 40 நிமிடம். முன்னால் 25 நிமிடம், பின்னால் 25 நிமிடம் வேறு வேலைக்கு. இதைச் சொன்னால் பலருக்கு முகம் சுருங்குகிறது. கொடுக்கும் வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் தாள், அதன் பின்பக்கம் பென்சிலால் பெயரும் வகுப்பும் (ஸ்கெட்ச் பேனா முன்பக்கம் ஊறிவிடும்), பிறகு செய்து காட்டுதல், பிறகு பிரஷும் தண்ணீரும், கடைசியாக வண்ணம். வண்ணம் முன்னால் இருக்கும்போது எந்தப் பிள்ளையும் எங்களைப் பார்க்காது, அது நியாயமும்கூட. உருவத்தைப் பென்சிலால் போட வேண்டாம் என்பது எங்கள் கட்சி. பென்சில் வந்தால் ரப்பர் வரும், ரப்பர் தேய்த்த இடத்தில் தாளின் இழை எழும்பி வண்ணம் திட்டாகப் பிடிக்கும். பாதி நேரம் அழிப்பதிலேயே போகும். தண்ணீர் கலந்த வெளிர் மஞ்சளில் பிரஷாலேயே கோடு போட்டால், தவறினாலும் மேலே பூசுகிற நிறம் மறைத்துவிடும். உருவம் தாளின் மூன்று ஓரத்தையாவது தொட வேண்டும் என்று ஒரு விதி வைத்தால், தாளின் அடியில் எறும்பளவு வரைவதும் நின்றுபோகும்.

தலைப்புப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பேனரில் அச்சடித்த பெரிய பெரிய முழக்கங்களைத் தலைப்பாகக் கொடுத்தால், நூறு தாளிலும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஓர் ஓட்டு வீடு, ஓடும் ஆறு. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, கண்முன் எதுவும் இல்லாதபோது கை பழகினதைத்தான் போடும். அவரவர் செருப்பைக் கழற்றி முன்னால் வைத்து வரையச் சொல்லுங்கள். வாரின் தேய்மானம், குதிகால் பள்ளம், அறுந்து தைத்த இடம் என்று நூறு தாளில் நூறு படம் வரும். விரித்த குடையும் நல்லது. நாங்கள் செய்து காட்டிய படத்தை, காட்டி முடித்த உடனே கழற்றி வைத்துவிடுவோம். தொங்கிக்கொண்டிருந்தால் அதைப் பார்த்து எழுதுவார்கள்.

துணைக்கு நிற்கும் ஆசிரியர்களிடம் ஒரே வேண்டுகோள்: பிள்ளையின் தாளில் உங்கள் கை படக்கூடாது. "கொஞ்சம் சரிபண்ணித் தர்றேன்" என்று பிரஷை வாங்கிய நொடியில் அந்தப் படம் உங்களுடையதாகிவிடுகிறது. ஏழெட்டு வயதுப் பிள்ளை வானத்தைத் தாளின் உச்சியில் ஒரு நீலப் பட்டையாகப் போடும், தரையை அடியில் ஒரு பட்டையாகப் போடும், நடுவில் வெற்றிடம் இருக்கும். அது தவறில்லை. அந்த வயதில் உலகத்தை அடுக்கிப் பார்க்கும் முறை அது. கலைக் கல்வி அறிஞர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-லேயே இதை வளர்ச்சியின் ஒரு படிநிலையாக வகுத்து எழுதியிருக்கிறார். நிரப்பச் சொல்லி வற்புறுத்தினால் பிள்ளை நிரப்பும், ஆனால் அடுத்த படத்திலும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் வரையும். பன்னிரண்டு நிமிடத்தில் "முடிச்சிட்டேன்" என்று எழுகிற பிள்ளைக்கு "இன்னும் ஏதாவது சேர்" என்று சொல்லாதீர்கள். சேர்த்துச் சேர்த்துச் சேறாக்கிவிடும். ஒரு சின்னத் தாளைக் கொடுத்து, எத்தனை விதமான பச்சை கலக்க முடிகிறது என்று பட்டை பட்டையாகப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதில் மூழ்கிவிடும்.

காயவைக்க: ஏ3 தாளின் அகலம் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர். நூறு தாள் தொங்க 30 மீட்டர் கயிறு, ஒரே கிளிப்பில் முதுகோடு முதுகாக இரண்டிரண்டாக மாட்டினால் 15 மீட்டர். உடனே தொங்கவிட்டால் வண்ணம் வழியும், பத்து நிமிடம் தரையிலேயே கிடக்கட்டும். ஈரத் தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அலமாரியில் வைத்தால், மறுநாள் அது நூறு படம் இல்லை, ஒரே கட்டை.

கழுவுவதற்குக் குழாய்க்கு அனுப்ப வேண்டாம். 25 பேர் குழுவுக்கு 10 லிட்டர் வாளி இரண்டு, ஒன்றில் சோப்புத் தண்ணீர், ஒன்றில் வெறும் தண்ணீர். கையை முதலில் உலர்ந்த துணியில் துடைத்துவிட்டு வாளிக்கு வர வேண்டும், பெரும்பகுதி வண்ணம் துணியிலேயே போய்விடும். நான்கு குழுவுக்கு 80 லிட்டர். குவளைத் தண்ணீரையும் சேர்த்தால் மொத்தம் 120 லிட்டர் பிள்ளைகள் வருமுன்பே மண்டபத்தில் நிற்க வேண்டும். துணியில் பட்ட போஸ்டர் கலரை ஈரமாக இருக்கும்போதே குளிர்ந்த தண்ணீரில் அலசினால் பெரும்பாலும் போய்விடும். அழுக்குத் தண்ணீரை உடனே கொட்டாமல் ஓர் இரவு வாளியில் விட்டால் வண்டல் அடியில் படியும். மேல்நீரை வடித்துவிட்டு வண்டலைப் பழைய தாளால் வழித்துக் குப்பையில் போடுங்கள், சாக்கடை அடைக்காது. பிரஷைக் குவளையில் தலைகீழாக நிற்க வைத்து மறந்துவிட்டுப் போகிற பழக்கம் எல்லாப் பள்ளியிலும் இருக்கிறது: மயிர் வளையும், பூணின் பசை இளகும், கட்டை ஊறி ஆடும். சோப்புப் போட்டுக் கழுவி, நுனியை விரலால் நீவிப் படுக்க வைத்தால் பல ஆண்டு வரும்.

சிறப்பு விருந்தினர் வருகிறார் என்றால் கடைசி 20 நிமிடத்தில் வரச் சொல்லுங்கள். நடுவில் வந்தால் நூறு பேரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்பார்கள், 50 குவளையில் எத்தனை நிற்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அவர் கயிற்றடியில் நடந்து படங்களைப் பார்க்கட்டும், புகைப்படமும் அங்கேயே நன்றாக வரும். பரிசும் போட்டியும் வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள். பரிசு உண்டு என்று தெரிந்ததும் பிள்ளைகள் புதிதாக எதையும் கலந்து பார்க்கத் துணிவதில்லை, போன முறை பாராட்டு வாங்கிய மலையும் சூரியனும் திரும்பி வந்துவிடும். படங்கள் காய்ந்ததும் பிள்ளைகளிடமே திருப்பிக் கொடுங்கள். பள்ளிச் சுவரில் மாட்ட வேண்டுமென்றால் அவர்களைக் கேட்டு வாங்குங்கள்.

இனி எங்களை அழைக்கும்போது தேதியோடு சேர்த்து இவற்றையும் எழுதி அனுப்புங்கள்: மண்டபத்தின் நீள அகலம், குழாய் எத்தனை, வாளி எத்தனை, பிள்ளைகளின் வயது, அன்றைக்கு வாளி தூக்க வருபவர்களின் பெயர்கள், முந்தின நாள் மாலை மண்டபம் எங்கள் கைக்குக் கிடைக்குமா என்பது. கயிறும் கிளிப்பும் நாங்களே கொண்டுவருகிறோம். கயிறு கட்ட இரண்டு ஆணி மட்டும் எதிரெதிர்ச் சுவரில் அடித்து வையுங்கள், பெரியவர் தலை இடிக்காத உயரத்தில்.

இப்படிக்கு,
பள்ளிகளில் ஓவியப் பட்டறை நடத்திவரும் ஓவியர்கள் சிலர்